காற்றுக்குக் கணக்கெழுதுவது எப்படி

என் ஏட்டின் முதல் பக்கத்தில் ஒரு மக்காச்சோளக் கதிரை வரைந்து வைத்திருக்கிறேன். அந்தக் கதிரில் இருந்தது 37 மணிகள். எண்ணித்தான் எழுதினேன். நன்றாகப் பிடித்த கதிரில் சில நூறு மணிகள் இருக்கும். அந்த வருடம் மொட்டைமாடியில் சுவரோரமாக ஒரே வரிசையில் ஒன்பது செடிகள் வைத்திருந்தேன். காற்று பலமாக அடிக்கும் இடம், சாய்ந்துவிடும் என்று பயந்து மூன்று பக்கமும் தடித்த பிளாஸ்டிக் தாள் கட்டினேன். தண்ணீர், உரம், வெயில் எதிலும் குறை வைக்கவில்லை. செடிகள் மளமளவென்று உயர்ந்தன, ஆனால் தண்டு ஒல்லி. தாளை அவிழ்த்த அன்றே இரண்டு செடிகள் படுத்துவிட்டன. கதிர்களை உரித்துப் பார்த்தால் எல்லாம் பொக்கை வாய்.

நோயோ பூச்சியோ என்று ஒரு மாதம் அலைந்தேன். கடைசியில் தெரிந்தது, அந்தச் செடிகளுக்குக் காற்றே கிடைக்காமல் செய்தது நான்தான் என்று.

வேலையில் இருந்த காலம் முழுக்க வரவு செலவு எழுதியவள் நான். ஒன்று எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று எழுதிப் பார்த்தால்தான் எனக்கு எதுவும் விளங்கும். ஆகவே காற்றுக்கும் ஒரு ஏடு போட்டேன். பதினோரு வருடமாக எழுதுகிறேன். காற்று இல்லாமல் இந்தப் பூமியில் உயிர் எப்படித் தவித்துப்போகும் என்பதை நான் படித்துத் தெரிந்துகொண்டதைவிட எழுதித் தெரிந்துகொண்டதே அதிகம். நீங்களும் எழுதலாம். மாடி வேண்டும் என்பதில்லை. மரம் ஒன்று தெரிகிற சன்னல் போதும்.

முதலில் இடமும் திசையும்

கருவி எதையும் வாங்க ஓடாதீர்கள். ஒரு நோட்டு, ஒரு பென்சில், இரண்டு மீட்டர் நீளக் கம்பு, அதன் உச்சியில் கட்ட ஒரு முழ நாடா. பழைய கேசட்டுக்குள் இருக்கும் ஒலிநாடாவைவிடச் சிறந்த நாடாவை நான் இன்னும் பார்க்கவில்லை. கன்னத்துக்கே தெரியாத காற்றுக்கும் அது அசையும்.

கம்பை நடும் இடம்தான் முக்கியம். சுவரும் மரமும் காற்றைக் கிழித்துச் சுழல விடும். சுவருக்குப் பக்கத்தில் நாடா காட்டுவது அந்தச் சுழலைத்தான், காற்றை அல்ல. தடையின் உயரத்தைப்போல் பத்து மடங்கு தள்ளி நடுவது நல்லது. மூன்று மீட்டர்ச் சுவர் என்றால் முப்பது மீட்டர். அவ்வளவு இடம் யாரிடம் இருக்கிறது? என்னிடமும் இல்லை. அதனால் கம்பை மாடியின் மிக உயரமான மூலையில் கட்டினேன். அதோடு, தூரத்தில் தெரியும் ஒரு மரத்தின் உச்சியையும் பார்த்துக்கொள்வேன். இரண்டும் முரண்பட்டால் மரத்தைத்தான் நம்புவேன்.

திசையை எழுதும்போது ஒன்றை மறக்கக் கூடாது. காற்று எங்கிருந்து வருகிறதோ அதுதான் அதன் பெயர். நாடா தெற்கு நோக்கிப் பறந்தால் அது வடக்குக் காற்று. நம் முன்னோர் இந்தக் குழப்பமே வராமல் நான்கு திசைக்கும் நான்கு பெயர் வைத்துவிட்டார்கள்: வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. என் ஏட்டில் வா, தெ, கொ, கோ என்று ஓரெழுத்தில் எழுதுகிறேன். வடகிழக்கு என்றால் ‘வா-கொ’. ஒரு சொல்லிலேயே திசையும் குணமும் சேர்ந்து வந்துவிடுவது எனக்குப் பிடிக்கும். கைபேசியில் உள்ள திசைகாட்டியைக் கொண்டு ஒரே ஒருநாள் வடக்கைக் குறித்துக்கொள்ளுங்கள், அதன்பின் அது தேவையில்லை. இரும்புக் கைப்பிடிக்கு அருகில் வைத்துப் பார்த்தால் மட்டும் அது தப்பாகக் காட்டும்.

பலத்தை அளப்பது

1805-இல் பிரான்சிஸ் பியூஃபோர்ட் என்ற கடற்படை அதிகாரி, கப்பலின் பாய்களைப் பார்த்துக் காற்றின் பலத்துக்கு 0 முதல் 12 வரை எண் போட்டார். பின்னால் அதே எண்களைத் தரையில் தெரியும் அடையாளங்களோடு பொருத்தினார்கள். அது இன்றும் உலகம் முழுக்கப் பழக்கத்தில் இருக்கிறது. கருவியே வேண்டாத அளவுகோல் என்பதால் எனக்கு அதன்மேல் தனி மரியாதை.

புகை நேராக மேலே போனால் 0. புகை சாய்கிறது, இலை அசையவில்லை என்றால் 1. முகத்தில் படுகிறது, இலை சலசலக்கிறது என்றால் 2. மணிக்கு 6 முதல் 11 கிலோமீட்டர். இலைகளும் சிறு குச்சிகளும் ஓயாமல் ஆடினால் 3. புழுதியும் தாளும் எழும்பினால் 4. மணிக்கு 20 முதல் 28. இலை நிறைந்த சிறு மரம் முழுவதும் அசையத் தொடங்கினால் 5. பெரிய கிளைகள் ஆடி, குடை பிடிக்க முடியாமல் போனால் 6. அதற்கு மேலே என்றால் உள்ளே போய்விடுங்கள். சன்னல் வழியாகப் பார்த்து 7, 8 என்று எழுதிக்கொள்ளலாம். முழு மரமும் ஆடுவது 7, குச்சிகள் ஒடிந்து விழுவது 8. இடி கேட்டால் எண்ணே வேண்டாம், மாடியை விட்டு இறங்குங்கள்.

எப்போதும் ஒரே மரத்தைப் பாருங்கள். மரத்துக்கு மரம் அசைவு வேறு.

இன்னும் துல்லியம் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழி. ஒரு டேபிள் டென்னிஸ் பந்தை முப்பது சென்டிமீட்டர் நூலில் ஒட்டி, நூலின் மறுமுனையைக் கோணமானியின் மையத்தில் கட்டுங்கள். கோணமானியின் தட்டை முகம் காற்று போகும் திசைக்கு இணையாக இருக்கும்படி பிடித்தால் பந்து பின்னுக்குச் சாயும். நேர்கீழ்க் கோட்டிலிருந்து 10 பாகை சாய்ந்தால் காற்று ஏறத்தாழ மணிக்கு 13 கிலோமீட்டர், 20 பாகைக்கு 19, 30-க்கு 24, 45-க்கு 31, 60-க்கு 41. பந்தின் எடை 2.7 கிராம், குறுக்களவு 4 சென்டிமீட்டர் என்று வைத்துக் கணக்கிட்ட எண்கள் இவை. பந்து ஓயாமல் துள்ளும், அரை நிமிடம் பார்த்துச் சராசரி எடுங்கள்.

முதல் வாரம்: எப்போது எழுதுவது

விடியலில் ஒருமுறை, பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, பொழுது சாய்ந்தபின் ஒருமுறை. ஒரே நேரமாக இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் திசை, பலம், வானம். அவ்வளவுதான். ஒரு வாரம் வேறெதையும் எழுதாதீர்கள், கை பழகட்டும்.

வாரம் முடிந்து புரட்டினால், பெரும்பாலான இடங்களில், வானம் தெளிவாக இருந்த நாட்களில் விடியல் 0 அல்லது 1, பிற்பகல் 3 அல்லது 4, இரவு மறுபடி 1 என்று இருக்கும். என் பேத்தி இதைப் பார்த்துவிட்டு, “பாட்டி, காத்தும் ராத்திரி தூங்குமா?” என்று கேட்டாள். தூங்குவதில்லை கண்ணு, நம் தலைக்கு மேலே போய்விடுகிறது என்றேன். இரவில் தரை குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துப் படுத்துக்கொள்ளும். மேலே ஓடும் வேகக்காற்று அதன்மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். வெயில் ஏறியதும் தரைக்காற்று சூடாகிக் கிளம்பி மேலே உள்ளதோடு கலக்கும். மேலே இருந்த வேகம் கீழே இறங்கும். கடலோரத்தில் இருப்பவர்களின் ஏட்டில் பகலில் கடலிலிருந்தும் இரவில் நிலத்திலிருந்தும் என்று திசையே மாறுவது தெரியும். நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடாகி, சீக்கிரம் குளிர்கிறது.

இதே கதை பூமியளவில் நடப்பதுதான் பெருங்காற்றுகள். நிலநடுக்கோட்டுப் பகுதி அதிக வெயிலை வாங்குகிறது, துருவங்கள் குறைவாக வாங்குகின்றன. அந்த ஏற்றத்தாழ்வைச் சமன்செய்யக் காற்றும் கடலும் ஓயாமல் வெப்பத்தைச் சுமந்து போகின்றன. பூமி சுழல்வதால் அந்தப் பாதை வளைகிறது. நடுக்கோட்டை நோக்கிக் கிழக்கிலிருந்து ஓயாமல் வீசும் வியாபாரக் காற்றுகளுக்கு, 1735-இல் ஜார்ஜ் ஹேட்லி என்ற ஆங்கிலேயர் கொடுத்த விளக்கத்தின் சாரம் இதுதான். இந்தச் சுமை வேலை நின்றால் நடுக்கோடு இன்னும் கொதிக்கும், துருவம் இன்னும் உறையும். இடையில் வாழத் தகுந்த பட்டை சுருங்கிப்போகும்.

காற்றை ஒன்றுமில்லாததாக நினைப்பவர்களுக்கு ஒரு எண் சொல்வேன். கடல்மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.2 கிலோ. நான்கு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரமுள்ள அறையில் 43 கிலோ காற்று இருக்கிறது. அவ்வளவு எடை நகர்ந்தால் சுமந்துகொண்டு போகாதா?

செலவுப் பக்கம்: ஈரம்

இரண்டாம் வாரத்திலிருந்து பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் வரவு: காற்று கொண்டுவந்தவை. வலப்பக்கம் செலவு: காற்று கொண்டுபோனவை.

செலவில் முதலாவது தண்ணீர். ஒரே அளவுள்ள இரண்டு கைக்குட்டைகளை நனைத்துப் பிழிந்து எடை போடுங்கள். இரண்டும் நிழலில் இருக்கட்டும். ஒன்று காற்றுபடும் இடத்தில், ஒன்று காற்றே புகாத மூலையில். கால் மணிக்கு ஒருமுறை எடை எழுதுங்கள். காற்றில் கிடப்பது எவ்வளவு வேகமாக எடை இழக்கிறது என்று பார்த்தபின், கடல்மேல் அதே காற்று என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள். ஆண்டுதோறும் ஏறத்தாழ 40,000 கன கிலோமீட்டர் தண்ணீரைக் கடலின் மேலிருந்து ஆவியாக நிலத்துக்குள் கொண்டுவருவது காற்றுதான். ஒரு கன கிலோமீட்டர் என்பது நூறு கோடி டன். ஆறுகளும் நிலத்தடி ஊற்றுகளும் கடலில் கொண்டுபோய்க் கொட்டுவதும் ஏறத்தாழ இதே அளவு, ஆகவே கணக்கு நேராகிறது. மலையுச்சி ஓடையில் குடிக்கும் மான்கூடக் காற்று தூக்கி வந்த கடல்நீரைத்தான் குடிக்கிறது.

அதே சோதனையில் இலையின் கதையும் இருக்கிறது. காற்றே அசையாத இடத்தில் இலையை ஒட்டி ஒரு மெல்லிய தேங்கிய படலம் இருக்கும். இலை உண்பது கரியமில வாயுவை. அது காற்றில் 0.04 சதவீதம் அளவுக்குத்தான் உண்டு. தேங்கிய படலத்தில் இருப்பதை உண்டு தீர்த்தபின் புதிதாக வருவதற்கு நேரமாகும். மெல்லிய அசைவு போதும், படலம் மெலிந்துவிடும். பிளாஸ்டிக் தாளுக்குள் என் செடிகள் அரைப்பட்டினியாகவும் இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

பனியையும் குறித்துக்கொள்ளுங்கள். தெளிந்த வானமும் 0 பலமும் உள்ள இரவுக்குப் பின் புல் நனைந்திருக்கும். 3 பலத்தில் வீசிய இரவுக்குப் பின் பெரும்பாலும் காய்ந்திருக்கும்.

வரவுப் பக்கம்: மகரந்தம்

என்னை இந்த ஏட்டுக்குக் கொண்டுவந்த விஷயம் இது, கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

மக்காச்சோளச் செடியின் உச்சியில் ஆண்பூ, இடுப்பில் பெண்பூ. கதிரின் நுனியில் தொங்கும் பட்டுபோன்ற இழைகளைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வோர் இழையும் ஒரே ஒரு மணிக்குப் போகிறது. இழைமேல் ஒரு மகரந்தத் துகள் விழுந்தால் ஒரு மணி. விழாவிட்டால் அந்த இடம் பொக்கை. உச்சிப்பூ லட்சக்கணக்கில் துகள்களை உதிர்க்கும், ஆனால் துகள் கனமானது, பெரும்பாலும் சில மீட்டருக்குள்ளேயே விழுந்துவிடும். ஒற்றை வரிசையில் நட்டால், குறுக்கே அடிக்கும் காற்று துகளை வெட்டவெளிக்குத் தள்ளிவிடும். தாள் கட்டி மறைத்தால் நேர்கீழே விழும். நான் இரண்டு தவறையும் சேர்த்துச் செய்திருந்தேன். அடுத்த வருடம் நான்குக்கு நான்கு என்று கட்டமாகப் பதினாறு செடிகள் நட்டேன், தாள் கட்டவில்லை. கதிர்கள் நுனிவரை நிறைந்தன. உங்களிடம் மூன்று நான்கு செடிகள்தான் உண்டென்றால், காலையில் வெயில் ஏறியதும் உச்சிப்பூவை மெல்ல உலுக்கி இழைகள்மேல் விழச் செய்யுங்கள். இழை வெளிவந்த ஒரு வாரம் தினமும் செய்ய வேண்டும்.

காற்றை நம்பிய பூவை அடையாளம் காண்பது எளிது. நிறம் இருக்காது, மணம் இருக்காது, தேன் இருக்காது, யாரை அழைக்க? மகரந்தப் பைகள் வெளியே தொங்கி ஆடும், சூல்முடி இறகுபோல விரிந்து நிற்கும். புற்கள் ஏறத்தாழ எல்லாம் இந்த வகை. கம்பும் அப்படியே. நெல்லும் கோதுமையும் மட்டும் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுகின்றன. பைன் மரங்களின் மகரந்தத் துகளில் இரண்டு காற்றுப் பைகளே உண்டு. பூக்கும் தாவரங்களில் பத்தில் ஒன்று போலக் காற்றை நம்பியவை என்றாலும், புல்வெளிகளும் ஊசியிலைக் காடுகளும் மூடியிருக்கும் பரப்பை நினைத்தால் அது சின்னக் கணக்கல்ல.

பிடித்துப் பார்க்க: கண்ணாடித் துண்டு ஒன்றில் வாசலினை மெல்லியதாகப் பூசி, மழை படாத, காற்று படுகிற இடத்தில் ஒருநாள் கிடத்தி வையுங்கள். பின்னர் பள்ளி நுண்ணோக்கியிலோ கைபேசியில் மாட்டும் லென்சிலோ பாருங்கள். உருண்டை, முட்டை வடிவம், முள் முளைத்தது என்று மகரந்தங்கள் தெரியும். அவற்றோடு கரித்தூள், துணி நார், பூஞ்சை வித்துகள். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையை முகமூடியோடு செய்யவும், அல்லது வேறொருவரைச் செய்யச் சொல்லவும்.

விதையும் தண்டும்

எருக்கங்காய் வெடிக்கும் பருவத்தில் ஒரு விதையை அதன் பட்டு மயிரோடு எடுத்துவாருங்கள் (பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கை கழுவுங்கள்). கதவைச் சாத்திய அறையில் இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விட்டு நேரம் எடுங்கள். மயிரைப் பிய்த்துவிட்டு மறுபடி விடுங்கள். மயிரோடு விட்டபோது எனக்கு ஐந்து நொடிக்கு மேல் ஆனது, மயிர் இல்லாமல் ஒரு நொடிகூட ஆகவில்லை. இப்போது கணக்குப் போடுங்கள்: நொடிக்கு மூன்று மீட்டர் காற்று என்றால் ஐந்து நொடியில் பதினைந்து மீட்டர். வெயிலில் கிளம்பும் மேல்காற்று ஒன்று தூக்கிவிட்டால் எங்கே போய் இறங்கும் என்று யாரும் சொல்ல முடியாது. டான்டெலியான் என்ற சீமைச்செடியின் விதையை எடின்பரோ ஆய்வாளர்கள் காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அதன் மயிர்க்குடைக்கு மேலே, குடையைத் தொடாமல், ஒரு காற்று வளையம் சுழன்றுகொண்டே நின்று விதையைத் தாங்குவதை 2018-இல் வெளியிட்டார்கள்.

இந்தத் தூதுவேலை எவ்வளவு பெரியது என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல சாட்சி கிரகட்டாவு. 1883 ஆகஸ்டில் அந்த எரிமலைத் தீவு வெடித்துச் சிதறி, மிஞ்சிய நிலம் சாம்பலால் மூடிப்போனது. ஒன்பது மாதம் கழித்து, 1884 மே மாதம் போய்த் தேடியவர்கள் கண்ட உயிர் ஒன்றே ஒன்று: வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு சின்னஞ்சிறு சிலந்தி. 1886-இல் போனபோது உள்நிலத்தில் பெரணிகள் பரவியிருந்தன. பெரணியின் வித்து தூசியளவு, காற்றில் வருவது. இன்று அங்கே காடு.

தண்டுக்கான சோதனை எளிது. ஒரே நாளில் முளைத்த ஒரே வகைக் கன்றுகளை இரண்டு தொட்டிகளில் வையுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். மற்றதைக் காலையும் மாலையும் ஒரு தாளால் இருபது முப்பது முறை மெல்ல வருடுங்கள். மூன்று நான்கு வாரத்தில் வருடப்பட்டவை குட்டையாக, தடித்த தண்டோடு நிற்பது பெரும்பாலும் கண்ணுக்கே தெரியும். தொடுதலுக்கும் காற்றுக்கும் செடி இப்படி வளர்ந்து பதில் சொல்வதை மோர்டெகாய் ஜாஃபே என்ற தாவரவியலாளர் 1973-இல் ஆராய்ந்து அதற்கு ஒரு பெயரும் வைத்தார். அமெரிக்காவின் அரிசோனாவில் 1991-இல் மனிதர்கள் உள்ளே போய் மூடிக்கொண்ட ‘பயோஸ்பியர் 2’ என்ற கண்ணாடிக் கூடத்தில் காற்று வீசவில்லை. மரங்கள் வளர்ந்தன, ஆனால் தங்கள் எடையைத் தாங்கும் வலு இல்லாமல் போயின. என் இரண்டு செடிகளும் அப்படித்தான் படுத்தன. நாற்றுகளை வீட்டுக்குள்ளேயே வளர்ப்பவர்கள் நட்டுவைப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து தினமும் சிறிது நேரம் வெளிக்காற்றில் வைத்துப் பழக்குங்கள்.

காற்றில் வருகிற உயிர்கள்

மழை நின்று வெயில் வந்த, பலம் 1 அல்லது 2 உள்ள காலையில், சூரியனுக்கு எதிராக நின்று, சூரியனை நேராகப் பார்க்காமல் ஒரு சுவரால் மறைத்துக்கொண்டு வானைப் பாருங்கள். மினுங்கும் இழைகள் மிதந்து வரும். குட்டிச் சிலந்திகள் உயரமான இடத்தில் ஏறி, பின்னுடலைத் தூக்கி நூல்விட்டுக் கிளம்புகின்றன. 1832-இல் பீகிள் கப்பல் தென்னமெரிக்கக் கரையிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தள்ளி இருந்தபோது, அதன் கயிறுகளில் ஆயிரக்கணக்கான சிவந்த சிறு சிலந்திகள் வந்து இறங்கியதை டார்வின் எழுதிவைத்தார். காற்றோடு, வானில் உள்ள மின்புலமும் அவற்றைத் தூக்குகிறது என்று 2018-இல் ஓர் ஆய்வு காட்டியது.

தட்டான்களையும் தேதியோடு எழுதுங்கள். பாண்டலா ஃப்ளாவசென்ஸ் என்ற மஞ்சள் தட்டான், பெருகுவதற்கு நன்னீர் ஏறத்தாழ இல்லாத மாலத்தீவில் அக்டோபர் வாக்கில் திரளாக வந்து இறங்கும். சார்லஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர் அங்கேயே இருந்து வருடக்கணக்கில் தேதி குறித்து, இவை இந்தியாவிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் காற்றின் துணையோடு கடலைக் கடக்கின்றன என்று 2009-இல் சொன்னார். அவர் தொடங்கியதும் தேதி குறிப்பதில்தான் என்பது எனக்குப் பெரிய ஊக்கம். பறவைகளில் பட்டைவால் மூக்கான் 2007-இல் அலாஸ்காவிலிருந்து நியூசிலாந்துக்கு ஏறத்தாழ 11,500 கிலோமீட்டரை எட்டு நாளுக்கு மேல் நிற்காமல் பறந்தது. பின்காற்று கிடைக்கும் நாள் பார்த்துத்தான் இவை கிளம்புகின்றன.

வரவெல்லாம் நல்வரவல்ல, அதையும் எழுத வேண்டும். கோதுமையின் துருநோய் வித்தும் காற்றில்தான் வருகிறது. 1988-இல் பாலைவன வெட்டுக்கிளிகள் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து கரீபியன் தீவுகளில் போய் இறங்கின.

தூசியும் கடலும்

வெள்ளைத் தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி இரண்டு நாள் வெளியில் வைத்தால் அடியில் படியும் மண்ணைப் பார்க்கலாம். நாம் துடைத்துத் தள்ளும் அந்தத் தூசி வேறிடத்தில் உரம். சாட் நாட்டில் போடெலே என்றொரு பள்ளம், பழைய ஏரியின் வறண்ட அடி. அங்கிருந்தும் சகாராவின் பிற பகுதிகளிலிருந்தும் எழும் தூசி அட்லாண்டிக்கைத் தாண்டி அமேசான் காட்டில் விழுகிறது. 2007 முதல் 2013 வரை செயற்கைக்கோளால் அளந்ததில், அந்தத் தூசியோடு ஆண்டுக்கு ஏறத்தாழ 22,000 டன் பாஸ்பரஸ் அமேசானுக்குப் போவதாகக் கண்டார்கள். மழையும் வெள்ளமும் அந்தக் காட்டிலிருந்து அரித்துப்போகும் அளவும் ஏறத்தாழ அதுவே. பாலைவனத்தின் செலவு காட்டின் வரவு. இவ்வளவு நேர்த்தியான கணக்கை நான் என் வேலையில்கூடப் பார்த்ததில்லை.

கடலில் நடப்பதைப் பார்க்க ஒரு நீளமான கண்ணாடித் தொட்டி வேண்டும். பாதிவரை வெந்நீர் ஊற்றுங்கள். குளிர்ந்த உப்புநீரில் நிறம் கலந்து, குழாய் வைத்து அடியில் மெதுவாக விடுங்கள். இரண்டு அடுக்கு தெரியும். ஒரு முனையிலிருந்து நீர்மட்டத்தை ஒட்டி, முடி உலர்த்தியைக் குளிர்காற்றில் வைத்து ஊதுங்கள் (கருவி தண்ணீரில் விழாதபடி ஒரு பெரியவர் பிடிக்கட்டும்). மேல்நீர் மறுமுனைக்குத் தள்ளப்பட, நீங்கள் ஊதும் முனையில் நிறநீர் அடியிலிருந்து மேலே ஏறும். பெரு நாட்டுக் கரையோரம் காற்று இதைத்தான் செய்கிறது, பூமியின் சுழற்சியும் கூடச் சேர்ந்து மேல்நீரைக் கரையிலிருந்து விலக்குகிறது. சத்து மிகுந்த அடிநீர் வெளிச்சத்துக்கு வருகிறது, மிதவைப் பாசி பெருகுகிறது, அதைத் தின்று நெத்திலி இனம் பெருகுகிறது, அதை உண்டு கடற்பறவைகள். 1972-இல் எல் நினோ (பசிபிக் கடலின் மேல்நீர் வழக்கத்தைவிடச் சூடேறும் நிலை) வந்து அந்த ஏற்றம் பொய்த்தபோது, ஏற்கெனவே அளவுமீறிப் பிடிக்கப்பட்டிருந்த அந்த மீன்வளம் சரிந்தது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சோமாலியக் கரையிலும் இதே ஏற்றம் உண்டு.

வருட முடிவில்

பன்னிரண்டு மாதம் ஆனதும் ஒரு வட்டத்தில் எட்டுத் திசைக் கோடுகள் போடுங்கள். ஒவ்வொரு திசையும் எத்தனை முறை ஏட்டில் வந்திருக்கிறதோ அந்த அளவு நீளம். நுனிகளை இணைத்தால் உங்கள் இடத்தின் காற்றுப் பூ கிடைக்கும். பருவத்துக்கு ஒன்றாக நான்கு வரைந்தால் இன்னும் தெளிவு. எந்தச் சன்னலைத் திறப்பது, எந்தப் பக்கம் செடிக்கட்டம் வைப்பது, எங்கே மறைப்பு வேண்டும் என்று அதைப் பார்த்து முடிவெடுக்கலாம். மறைப்பு வைப்பதானாலும் பாதிக் காற்று ஊடுருவும் வலையோ வேலிச்செடியோ வையுங்கள். முழுச்சுவர் காற்றை நிறுத்தாது, அதன் மறுபுறம் சுழலைத்தான் உண்டாக்கும்.

காற்று வீசாத நாட்களை எழுதாமல் விடுகிறவர்கள் உண்டு. 0 என்பதும் ஒரு பதிவு. அன்றுதான் நேராக எழும் புகையும் கலைந்துபோகாமல் ஊர்மேலேயே தேங்கும், குட்டை நீரில் காற்றின் கலக்கல் இல்லாமல் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறக்கும். அந்தப் பக்கங்கள் இல்லாவிட்டால் மற்றப் பக்கங்களின் அருமை தெரியாது.

மாதிரிக்கு என் ஏட்டின் நேற்றைய பக்கம்:

காலை 6.15. திசை இல்லை, 0. வானம் தெளிவு. புல்லில் பனி நிறைய. வரவு: இல்லை. செலவு: இல்லை.

காலை 9.40 (நேரம் தவறிய பதிவு, பேத்தி கூப்பிட்டுக் காட்டியதால்). கொ, 1. வரவு: கொடிக்கம்பியில் குட்டிச் சிலந்தி ஒன்று, நூலோடு.

பிற்பகல் 2.30. கொ-தெ, 4. பந்து 25 பாகை. கீழ்முகில் கிழக்கிலிருந்து, மேல்முகில் மேற்கிலிருந்து. வரவு: கண்ணாடித் துண்டில் மஞ்சள் துகள், மக்காச்சோளம்தான். செலவு: கைக்குட்டை கால் மணியில் 11 கிராம்; எருக்கு விதைகள் ஏழு, சுவரைத் தாண்டி மேற்கே.

இரவு 7.00. கொ, 1.